குதாமாவின் கடைசி ஏடு

கூஃபா நகரத்து மதிய வெயில் ஆட்டுத்தோல் ஏட்டின் மேல் விழுகிறது. குர்ஆனைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் இறந்துபோன குதாமா எழுதிய கடைசி ஏடு. தம்பி உமாரா கத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். எதிரே குதாமாவின் மனைவி ஹுனைதா. "காய்ச்சல்ல அண்ணன் ஒரு வரியை விட்டுட்டாரு, மதினி. இந்த வரிகளைச் சுரண்டிட்டு, விட்டதையும் சேர்த்து நெருக்கி எழுதணும்." "சாப்பாட்டுலயும் அப்படித்தான், பாதியிலேயே எந்திரிச்சிடுவாரு. ஓரத்துல எழுதேன் தம்பி, அவர் கையெழுத்து இருந்துட்டுப் போகட்டுமே." "ஓரத்துல இடமில்ல. பள்ளிவாசல்ல இதைப் பார்த்துத்தானே ஓதுவாங்க?" பழுப்பு மை வெயிலில் மினுங்குகிறது. உமாரா கத்தியை ஏட்டருகே கொண்டுபோய்ப் பின்னிழுக்கிறான்; மறுபடி கொண்டுபோகிறான். கத்தி தோலைத் தொடாமலே நிற்கிறது. ஹுனைதா அதை மெல்ல வாங்கிக்கொண்டு, ஏட்டை மடிக்கு இழுக்கிறாள். "நீ கிழிச்சிடுவே. காய்ச்சல்ல அவருக்கு ஒரு கீறல் விழாம தலை மழிச்சதும் நான்தானே?"