வாசலைப் பார்க்கும் சுவர்

“பொண்ணு இந்தச் சுவத்துலதான் போடச் சொல்லியிருக்கு,” என்றார் ஏசி மாட்ட வந்த மெக்கானிக் உஸ்தா நார்முராத், புது ஜோடிக்கான அறையில் வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவரைத் தட்டிக் காட்டி.

பொண்ணு என்றால் ஷஹ்லோ. என் கொழுந்தனுக்கு நிச்சயமானவள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அவள் வீட்டுச் சீரெல்லாம் வந்து இறங்கிவிட்டது. கட்டில், கண்ணாடி வைத்த அலமாரி, பதினெட்டு மெத்தை, கடைசியாக இந்த ஏசி.

நான் வரும்போது கொண்டுவந்தது ஒரு மேசை விசிறி. இப்போது அது வலப்பக்கம் திரும்பினால் தானாகத் திரும்பி வராது. கையால் தள்ளிவிட வேண்டும்.

எங்கள் ஊர் தெர்மெஸில் ஜூலை மாதம், நாற்பத்தைந்து டிகிரி. என் மகள் கமோலாவுக்கு ஐந்து மாதம். நடைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே எங்கள் அறையில், தொட்டிலில் கிடந்து காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. ஈரத் துணியால் துடைப்பதும் விசிறியைத் தள்ளிவிடுவதுமாகவே என் பாதி நாள் போய்விடும்.

ஏசி வேண்டும் என்று போன வருஷமே நானும் கேட்டேன். வெளிநாட்டில், கசானில் கட்டட வேலையில் இருக்கும் என் கணவர், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மாமியார், நாங்களெல்லாம் இதே வெயிலில்தான் பிள்ளை வளர்த்தோம் என்றார். இப்போது அவரே அந்த ஏசி வந்த அட்டைப்பெட்டியை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் காட்டிவிட்டார்.

வாசலைப் பார்க்கும் சுவராம். ஏன் கேட்கமாட்டாள்? சீர் பார்க்க வருகிறவர்கள் வாசலில் கால் வைத்ததுமே அது வெள்ளை வெளேரென்று கண்ணில் பட வேண்டும். அப்படியே திரும்பினால் எதிர் அறையில் என் விசிறி.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

மூன்று வாரம் முன்னால் திரைச்சீலைக்கு அளவெடுக்க அவளே அம்மாவோடு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண் இந்த வீட்டுப் படியேறுவதா? நானெல்லாம் முக்காட்டோடுதான் முதன்முதலில் உள்ளே வந்தேன். சரி, அளவெடுத்ததோடு போனாளா என்றால் அதுவும் இல்லை. என் அறை வாசலில் வந்து நின்று கமோலாவையே வெகுநேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தலை மறைந்ததும் முதல் வேலையாக இசிரிக் மூலிகைப் புகை போட்டுக் குழந்தைக்குக் கண்ணேறு கழித்தேன்.

உஸ்தா ஏசியை மாட்டும் தகட்டைச் சுவரில் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை.

“அலமாரிக்கு அந்தப் பக்கம் போடுங்க உஸ்தா. கட்டில் அங்கதான வருது? புதுப்பொண்ணு குளுகுளுன்னு படுத்துக்கட்டும்,” என்றேன். தேன் ஒழுகத்தான் சொன்னேன்.

அங்கே மாட்டினால் அலமாரி மறைத்துவிடும். வாசலில் நிற்கிறவளுக்கு அதன் ஒரு மூலைகூடத் தெரியாது.

அவர் தயங்கினார். சுவர் ஒரு முழம் கனம், துளை போட்டால் போட்டதுதான் என்றார். செம்புக் குழாயும் அப்படித்தானாம். ஒரு தடவை வளைக்கலாம், நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடுமாம்.

யோசித்துத்தான் சொல்கிறேன், இந்த வீட்டு மூத்த மருமகள் நான் என்றேன்.

துளைபோடும் இயந்திரம் அலறியது. எதிர் அறையில் கமோலாவும் அலறினாள். ஓடிப்போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். துளை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இறங்கியிருந்தது, தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. உஸ்தா குழாய்களை முழங்காலில் வைத்து மெதுவாக வளைத்து, துளைக்குள் நுழைத்து, வெளியே இருந்த பெட்டியோடு முடுக்கினார். குழாயில் இருந்த காற்றை ஒரு சின்ன மோட்டார் வைத்து அரைமணி நேரம் உறிஞ்சினார். அந்த அரைமணியும் நான் பச்சைத் தேநீரும் ரொட்டியும் முலாம்பழமுமாக அவரை விழுந்து விழுந்து கவனித்தேன்.

கடைசியாகத் துளையைச் சுற்றிச் சாந்து பூசி அடைத்துவிட்டு ஏசியைப் போட்டார். கட்டில் மேல் ஜில்லென்று விழுந்தது. நான் வாசலில் போய் நின்று பார்த்தேன். அலமாரிதான் தெரிந்தது. மூன்று வாரமாக இல்லாத நிம்மதி வந்தது.

வேலை முடிந்ததைச் சொல்ல உஸ்தா ஷஹ்லோவைக் கூப்பிட்டார். கையெல்லாம் சாந்து என்பதால் போனைக் கட்டில் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“ரெண்டு கதவையும் தொறந்து வச்சா காத்து எதிர் ரூம் வரைக்கும் போகுதா உஸ்தா? அங்க அக்காவோட பாப்பா இருக்கா. அன்னிக்குப் பாத்தேன், கழுத்தெல்லாம் வேர்க்குரு. தொட்டில்கிட்ட நின்னு பாத்துச் சொல்லுங்களேன்.”

உஸ்தா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஈரச் சாந்தைப் பார்த்தேன்.

“வருதுன்னு சொல்லுங்க,” என்றேன், சத்தம் வராமல்.

அவர் சொன்னார்.

“அப்பாடா. அக்காகிட்ட இப்பச் சொல்லிடாதீங்க,” என்றாள் ஷஹ்லோ. “வந்த அன்னிக்கு நானே கதவத் தொறந்து காட்டுறேன்.”

எதிர் அறையில் கமோலா மறுபடி சிணுங்க ஆரம்பித்தாள். விசிறி வலப்பக்கம் போய் நின்றிருக்கும். தள்ளிவிடப் போனேன்.