துரை எழுந்திருக்கவில்லை

"அது போச்சு அண்ணி. விட்டுடுங்க."

ஹார்ட் டிஸ்க்கை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, சர்வ சாதாரணமாகச் சொன்னான் துரை.

அவன் சொந்தப் பெயர் வேறு. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்தபிறகு அண்ணி வைத்த பெயர்தான் துரை. இருக்கிற இடத்துக்கே காபி வரவேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் வேறு என்ன பெயர் வைப்பது?

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் அவள் அப்பாவின் குரல் இருந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து மனுஷனைக் காப்பாற்றிவிட்டார்கள், குரலைக் காப்பாற்ற முடியவில்லை. வாய் ஓயாமல் பேசியவர் இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் ஜாடைதான் காட்டுகிறார். அவர் பேசிச் சிரித்த வீடியோ எல்லாம் இந்த ஒன்றில்தான். அது மேசையிலிருந்து ஒயரோடு கீழே விழுந்தது. அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும், அப்படி ஒன்று செருகியிருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் அவள் கணவன், "கவலைப்படாதே, நான் எடுத்துத் தரேன்" என்றான். தட்டிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், ஒயரை மாற்றிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அழுதாள். அப்புறம் ரிப்பேர் கடைக்காரர், "எடுத்துடலாம்மா" என்று தெம்பாகச் சொன்னார். பிறகு போன் செய்து, "ஸாரிம்மா" என்றார். மறுபடியும் அழுதாள்.

கடைசியாக மிச்சமிருந்தவன் கொழுந்தன்தான்.

"சும்மா ஒருதரம் போட்டுத்தான் பாரேன்" என்றாள்.

"செத்ததைப் போட்டுப் பார்த்து என்ன பண்றது? இருக்கட்டும், பழைய சாமானோட போட்டு வைக்கிறேன்."

எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நல்ல வார்த்தை ஒன்று சொல்லக்கூட இவனுக்கு வாய் வரவில்லையே என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

மத்தியானம் கதவைத் தட்டினாள்.

"சாப்பிட வா."

"பசிக்கல அண்ணி."

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.

"துரை, யாருன்னு பாரு. என் கையெல்லாம் சோப்பு."

"நீங்களே பாத்துடுங்க அண்ணி."

"உள்ளே உட்கார்ந்து அப்படி என்னதான் கிழிக்கிறான்?" என்று கணவனிடம் பொரிந்தாள்.

"கேம் ஆடுவான். வேறென்ன?" என்றான் அவன்.

சாயங்காலம் அவள் அப்பா வந்து இறங்கினார். கொஞ்ச நாள் மகளோடு இருந்துவிட்டுப் போக வருகிறார். லிஃப்ட் ரிப்பேர். ஆபரேஷன் ஆன உடம்பு, ஆள் பிடித்துத்தான் ஏற்றவேண்டும்.

"டேய், கீழே வாடா. மாமாவைக் கூட்டிட்டு வரணும்" என்று அண்ணன் குரல் கொடுத்தான்.

"என்னால இப்ப வரமுடியாதுண்ணா. நீ போ."

கணவன் மாமனாரைத் தாங்கிக்கொண்டான். அவர் துணிப்பெட்டி அவள் கையில். நின்று நின்று ஏறினார்கள். அவர்கள் ஒரு மாடி ஏறுவதற்குள் அவள் கோபம் இரண்டு மாடி ஏறியிருந்தது.

பெட்டியை வைத்த கையோடு நேரே போய்த் துரையின் கதவைத் தள்ளினாள். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னாலேயே வந்த அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வாங்க மாமா" என்றான் துரை. தலை மட்டும்தான் திரும்பியது.

"எந்திரிக்கக்கூட மாட்டியா நீ?" என்றாள். "உடம்பு முடியாதவர் நிக்கிறார். நீ உட்கார்ந்த இடத்துலேர்ந்தே வாங்கன்றே. எங்கப்பாவுக்கு இந்த வீட்டுல இவ்வளவுதான் மரியாதையா?"

விடும்மா என்று அப்பா கையசைத்தார்.

 துரை வலது கையால் மவுஸை நகர்த்தி எதையோ அழுத்தினான்.

"கேமராவை நேராப் பிடிம்மா. மூஞ்சியவே காணோம், தொப்பை மட்டும்தான் தெரியுது!"

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து, சொன்னவரே தன் ஜோக்குக்குத் தானே கடகடவென்று சிரித்தார்.

அப்பாவின் கை தன்னையறியாமல் தொண்டைக்குப் போயிற்று. அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுன்னு சொன்னியே..."

"எடுத்துடலாம்னு சொன்னவங்கதான் உங்களை அழ வெச்சாங்க அண்ணி. நானும் சொல்லிட்டு, கிடைக்காமப் போயிருந்தா? அதான் வாயைத் திறக்கல. பாதிக்கு மேல காப்பி ஆயிடுச்சு. மிச்சமும் வந்துட்டிருக்கு."

அப்பா தள்ளாடி வந்து துரையின் தலைமேல் கையை வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தலையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

 காலையிலிருந்து அவள் மனசுக்குள் அவனைத் திட்டிய ஒவ்வொரு திட்டுக்கும் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. "நீ நல்லா இருக்கணும்டா" என்றாள். 

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அப்பா நின்றுகொண்டே இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

"எல்லாம் சரி. இப்பவாவது எந்திரிச்சு அவரை உட்காரச் சொல்லேன்."

துரை நெளிந்தான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் மறைந்திருந்த இடது கையைக் கண்ணால் காட்டினான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாமா. இந்த டிஸ்க்குல ஒயர் செருகுற இடம் லூசாயிருக்கு. டேப் ஒட்டினேன், ரப்பர் பேண்டு போட்டேன், எதுக்கும் நிக்கல. காலையிலேர்ந்து கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சிட்டிருக்கேன். நான் எந்திரிச்சா நீங்க பேச்சை நிறுத்திடுவீங்க."