தியோடர் நடை

"உட்காருங்கப்பா, எல்லாரும் உட்காருங்க! பைட்டோ பாய், நீங்களும் உட்காருங்க, கேக்கைக் கையில வெச்சுக்கிட்டே உட்காரலாம், யாரும் புடுங்கிக்க மாட்டாங்க. பேச்சை நிறுத்துங்க. மைக்கு இப்ப எங்கிட்ட!"

நாராயணசாமி மைக்கைப் பிடிச்சா, செகந்திராபாத் தமிழ்க்காரங்க மொத்தப் பேரும் வாயை மூடிடுவாங்க. அப்புறம் திறக்கிறது சிரிக்கத்தான். யார் மாதிரி வேணும்னாலும் பேசுவாரு, யார் மாதிரி வேணும்னாலும் நடப்பாரு.

இன்னைக்கு சிரிக்கிற நாளில்ல. சர்ச் ஹால்ல தியோடருக்கு இரங்கல் கூட்டம். இருபது கிலோமீட்டர் நடைப் போட்டியில மெடல் மெடலா வாங்கின ஆளு. நரம்பு ஒவ்வொண்ணா செத்துப்போற வியாதி. முதல்ல கால் போச்சு, அப்புறம் நாக்கு. கடைசியில தண்ணிகூட முழுங்க முடியலை. போன செவ்வாய்க்கிழமை ஆளே போயிட்டாரு.

"சாமிண்ணா, அந்த நடையை ஒருவாட்டி..." பின்னாலேருந்து ஒரு குரல்.

"ஹவ், ஹவ், ஆமா, அந்த நடை!"

நடந்தாரு. முழங்கை மடங்கி, முட்டி விறைச்சு, இடுப்பு மட்டும் தனியா ஒரு டான்ஸ் ஆடி, அச்சு அசல் தியோடர். முப்பது வருஷமா பண்ற அயிட்டம். பார்த்து முதல்ல சிரிக்கிறதே தியோடர்தான். ஹாலே சிரிச்சுது, அப்படியே கண்ணைத் துடைச்சுது.

சாமி நின்னாரு. மூச்சு வாங்குச்சு. மூஞ்சி மாறிப்போச்சு.

"சிரிச்சாச்சா? இப்ப நான் கேக்குறேன். இந்த அஞ்சு வருஷத்துல அந்த வீட்டுக்குள்ள போய் அவனைப் பார்த்தவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட மேல வரலை.

"பாலச்சந்திரன் சார்! சங்கத்துச் செகரெட்டரி! எட்டடி ஃப்ளெக்ஸ் வெச்சிருக்கீங்க, 'நடைப்புயல்'னு. அதுல அவன் மூஞ்சியைவிட உங்க மூஞ்சி பெருசு." அப்படியே செகரெட்டரி மூக்கால பேசறாப்ல பேசினாரு. "'ஹலோ, சாமியா? வீல்சேர்தானேப்பா? நாளைக்கே அனுப்பிடறேன்...' எத்தனை 'நாளைக்கே'ய்யா? பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தே செத்தான்!"

நாலு பேர் களுக்குன்னு சிரிச்சாங்க.

"சிரிக்காதீங்க! கோச் விஸ்வநாத் சார், நீங்க..." ஒரு இருமல், ஒரு செருமல். "'போகணும்னுதான் நெனச்சேன் சாமி. உப்பல்லேருந்து ரொம்ப தூரம்.' ஏன் சார், அவன் விடிகாலையில உப்பலுக்கு நடந்தே வந்து உங்ககிட்ட பிராக்டீஸ் பண்ணானே, அப்ப அது தூரமாத் தெரியலையா?"

விஸ்வநாத் குனிஞ்சு செருப்பைப் பார்த்தாரு.

"இன்னும் முடியலை. அவன் கால் பின்ன ஆரம்பிச்சப்போ, 'காலையிலயே தண்ணி போட்டுட்டான்'னு பேச்சைக் கிளப்பினது யாரு? பீரைக்கூடத் தொடாதவன்யா அவன்! அந்த வருஷம் கிறிஸ்மஸ் டின்னருக்கு இதே ஹால் வாசல் வரைக்கும் வந்தானாம். உள்ள வராமலே திரும்பிட்டான். அதுக்கப்புறம் யாருக்கும் கதவைத் திறக்கலை. எனக்கே திறக்கலை! வாரா வாரம் போய்த் தட்டினேன். 'நக்கோ... வேணாம்'னு குழறின குரல் மட்டும்தான் வரும். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு வருவேன். முப்பது வருஷ சிநேகிதனை!"

 இது மிமிக்ரி இல்ல, சொந்தக் குரல்.

முதல் வரிசையில ஜெயசுந்தரி உட்கார்ந்திருந்தாங்க. தியோடர் பெண்சாதி. அடக்கம் பண்ணின நாள்லேருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. யாரு வந்து கையைப் பிடிச்சாலும் தலையை மட்டும் ஆட்டுவாங்க. சாமி மேடையிலேருந்து இறங்கி அவங்க முன்னால போய் நின்னாரு.

"தங்கச்சி, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு இங்க என்ன நடந்துச்சு? எவன் என்ன சொன்னான்? பேரைச் சொல்லும்மா. இப்பவே, இங்கயே, அந்த ஆளு சட்டையைப் பிடிச்சு உலுக்கறேன். சொல்லு!"

மைக்கை நீட்டினாரு. அவங்க வாங்கிக்கலை. உட்கார்ந்த இடத்துலேருந்தே பேசினாங்க, கடைசி வரிசைக்கும் கேட்டுச்சு.

"இப்ப நடந்தீங்களே, நல்லா இருந்துச்சுண்ணா. ஆனா அந்த டின்னர்ல வேற நடை நடந்தீங்க. கால் பின்னி, நாக்கு குழறி, மேசையில போய் முட்டி... 'தியோடர் தண்ணி போட்டா எப்படி நடப்பான்'னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் அவரும் வாசல்ல நின்னு பார்த்தோம். அதையும் ஒருவாட்டி நடந்து காட்டிடுங்கண்ணா."