நத்தையின் வெள்ளிக்கிழமை

"நத்தையோட அட்ரஸ் வேணும்க்கா. இப்பவே."

ஹீமோபிலியா பிரிவின் நர்ஸ் அக்கா தும்மிவிட்டுக் கையை நீட்டினாள். "முதல்ல காலி பாட்டில்."

பழைய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது மருந்து. தவளை பையைக் கவிழ்த்தான். பதிமூன்று பாட்டில்கள். ஒவ்வொரு லேபிளிலும் பேனாவால் ஒரு முறுக்கு மீசை. விளம்பரப் பலகை வரைகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

"கிறுக்காதேன்னா கேக்கறியா?"

"ஊசி போட்டு முடிச்சா ஒரு மீசை. அது என் வழக்கம். பேச்சை மாத்தாதீங்க."

தவளை என்பது அக்கா வைத்த பெயர். ஆறு மாதம் முன்னால் வீங்கிய முழங்காலோடு தத்தித் தத்தி வந்தவன் அவன். லேசில் உறையாத ரத்தம். வாரம் மூன்று ஊசி தவறாமல் போட்டால் மூட்டுக்குள் கசியாது. கசியாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசி?" என்று நிறுத்திவிடுவான். இன்னொரு தடவை வீங்கினால் கால் மடங்காது, சாரத்தில் ஏறிப் பலகை எழுதுவதை மறந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்போதுதான் அக்கா ஜோடி சேர்த்துவிட்டாள். ஊசிக்கு டிமிக்கி கொடுக்கும் இன்னொருவன், பேர் நத்தை. ஊசி போட்டதும் காலி பாட்டிலைத் தேதிச் சீட்டோடு படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். வேறு பேச்சே கூடாது. "நீ நிறுத்தினா அவனும் நிறுத்திடுவான்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து தவளை ஒரு ஊசியும் விடவில்லை.

"நேத்து வெள்ளிக்கிழமை. அவன்கிட்டேருந்து படம் வரல. போன் அடிச்சா எடுக்கல. உங்களுக்கும் பத்து தடவை அடிச்சேன்."

"நேத்து எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு நாள் பூரா தூங்கிட்டேன்."

"அவன் யாருக்கா? படத்துல எப்பவும் ஒரு பச்சைத் துணி தெரியுது. தையல்காரனா?"

"சொல்லக் கூடாது."

"எழுத்து வேற கோழி கிளறின மாதிரி. பள்ளிக்கூடம் போனவனா?"

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" அக்காவின் முகம் சுருங்கியது.

"விளையாடாதீங்கக்கா." தவளை மேஜைமேல் குனிந்தான். "பல நாள் எனக்கு ஊசியைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கும். நான் விட்டா அவன் விட்டுடுவானே, அவன் கால் போயிடுமேன்னுதான் போட்டுக்கிட்டேன். இப்ப அவன் எங்கயாவது காலை நீட்டிக்கிட்டு எழுந்திருக்க முடியாமக் கிடந்தா? எனக்குப் பயமா இருக்குக்கா."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"உக்காரு. ஃப்ரிட்ஜிலேருந்து மருந்து எடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போனதும் தவளையின் கண் மேஜை இழுப்பறையில் விழுந்தது. நோயாளிகள் பதிவேடு அதில்தான் இருக்கும். தப்புதான். ஆனால் ஒருத்தன் காலைவிடவா அது பெரிய தப்பு?

இழுத்தான். பதிவேடு இல்லை. அறுவை அறையில் விரிக்கும் பச்சைத் துணி ஒன்று மடித்திருந்தது. அதன்மேல் ஒரு பழைய செல்போன். தொடுதிரையில் 'தவளை' என்ற பெயரில், அவன் நேற்று அடித்து யாரும் எடுக்காத பதினேழு அழைப்புகள்.

பக்கத்தில், இப்போதுதான் எழுதியதுபோல் மை காயாமல், நேற்றைய தேதியைக் கோழி கிளறியிருந்த சீட்டு. அதன் அருகே லேபிள் தெரியாதபடி திருப்பி வைத்திருந்த ஒரு காலி பாட்டில்.

அதைத் திருப்பினான்.

லேபிளில், போன மாதம் அவனே வரைந்த முறுக்கு மீசை.