சாம்பிராணி போட்ட விக்

"சுகிர்தா, உன்னை ஓவன்லேருந்து மாத்தியாச்சு. நாளைக்கு பேக்கிங் போயிடு."

சூப்பர்வைசர் ஆதிநாராயணன் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேனாவைப் பார்த்துச் சொன்னார்.

கும்மிடிப்பூண்டியில் அந்த ஃபேன் கம்பெனியில் ஓவன் என்றால் சுகிர்தாதான். பெயிண்ட் அடித்த றெக்கைகள் ஓவனில் வெந்து வெளியே வரும்போது, எதில் கொப்புளம், எதில் கீறல் என்று ஒரே பார்வையில் பொறுக்கிப் போட்டுவிடுவாள். நடுவில் கேன்சர் வந்து படுக்க வைத்தது. படுத்த படுக்கையில் அவள் ஜெபித்ததெல்லாம் ஒன்றுதான். ஆண்டவரே, திரும்ப அந்த ஓவன் வாசல்ல நிக்க வை.

நிற்க வைத்தார். போன முடிதான் திரும்புவேனா என்று அடம்பிடித்தது. அதற்கு ஒரு விக் வாங்கி மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது இந்த மனுஷன் பேக்கிங் போ என்கிறார்.

"இன்னா சார், வேலை செய்யலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க என்னை நோயாளின்னு ஒதுக்குறீங்களா?"

"நான் ஒதுக்கலம்மா. உங்க லைன் பொண்ணுங்கதான் வந்து கேட்டாங்க. ஷைனிதான் மொதல்ல வந்துச்சு. காரணம் மட்டும் என்னைக் கேக்காத."

ஷைனியா? கம்பெனி பஸ்ஸில் தினமும் இடம் போட்டு வைப்பவள். ஆஸ்பத்திரிக்கு வந்து கஞ்சி ஊட்டியவள். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அது இதுதானா?

எளாவூரில் வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தோடு விக்கை அலசினாள். அதை அவள் கண்ணாகத்தான் பார்த்துக்கொண்டாள். வெந்நீர், சீயக்காய், மாடி வெயில், தேங்காய் எண்ணெய், கடைசியில் சாம்பிராணிப் புகை. சொந்த முடிக்கு இத்தனை உபசாரம் நடந்ததில்லை. அப்படியும் அது நாளுக்கு நாள் தேங்காய் நாராக ஆகிக்கொண்டு போனது. இது போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. கணவன் ஜெரால்ட் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்து வைத்தான்.

மறுநாள் நாஷ்டா நேரத்தில் நேராகக் கேன்டீனுக்குப் போனாள்.

"ஷைனி, எழுந்து நில்லுடி."

ஷைனியின் கையில் இட்லி அப்படியே நின்றது.

"செத்துப் பொழச்சு வந்துக்கீறேன். என்னாண்ட இன்னா கொறை கண்ட? கை நடுங்குதா? றெக்கையைக் கீழ போட்டேனா? சூப்பர்வைசராண்ட போய் என்னைத் தூக்கச் சொல்லிக்கீற?"

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படி? எல்லார் முன்னாடியும் சொல்லு."

ஷைனி பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைன் தோழி ஏஞ்சலினைப் பார்த்தாள். ஏஞ்சலின் டீ டம்ளரைப் பார்த்தாள்.

"வாய் வரலல்ல? நானே சொல்றேன்." சுகிர்தா விக்கைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். "இது விக்கு. எனக்கு முடி இல்ல. நல்லாப் பாத்துக்கோங்க. ஆனா என் கண்ணும் கையும் நல்லாத்தான் கீது."

கேன்டீனே வாயைப் பிளக்கும் என்று நினைத்தாள். ஒருத்தரும் பிளக்கவில்லை. சட்னி கேட்டுக்கொண்டிருந்தவர் சட்னியே கேட்டார். அதே லைனில் வேலை செய்யும் காயத்ரி மட்டும், "அப்பாடா, ஒரு வழியா கழட்டிட்டாங்க" என்றாள்.

ஷைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து விக்கை வாங்கினாள். முன்பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"இதப் பாருக்கா. கம்பெனித் தொப்பிக்கு வெளிய தெரியிற எடமெல்லாம் பொசுங்கி சுருண்டுக்கினு கீது. இது பிளாஸ்டிக் முடி. ஓவன் சூட்டுல நின்னா இன்னா ஆவும்? பெரியபாளையத்துல கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடுற அக்காவாண்ட கேட்டேன். சூடே ஆவாதாம். பச்சைத் தண்ணில துளி ஷாம்பு போட்டு அலசி, முறுக்காம நெழல்ல காய வச்சா ரொம்ப நாள் வருமாம். எண்ணெய் படவே கூடாதாம். அதான் நாங்க எல்லாரும் போய் உன்னை ஓவன்லேருந்து மாத்தச் சொன்னோம்."

"அத என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"எப்படிக்கா சொல்றது? நீதான் விக்குன்னே சொல்லலியே. நீ திரும்பி வந்த அன்னிக்கே, யாரும் கண்டுக்கக் கூடாதுன்னு லைன்ல பேசி வச்சிட்டோம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகுமா என்பார்கள். இங்கே ஒரு பூனைக்காக இத்தனை பேர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுகிர்தாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

"அடிப்பாவிங்களா. நான் இதுக்கு சாம்பிராணி வேற போட்டேனேடி."

"தெரியும்க்கா. பஸ்ஸே மணந்துச்சு."

கேன்டீன் மொத்தமும் சிரித்தது. சத்தம் கேட்டு ஆதிநாராயணன் எட்டிப் பார்த்தார். சுகிர்தாவின் தலையைப் பார்த்ததும் அவசரமாகப் பேனாவைத் தேடினார்.

சுகிர்தா மொட்டைத் தலையில் கம்பெனித் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள். நேரே அவரிடம் போய் விக்கை அவர் கையில் வைத்தாள்.

"சூடு ஆவாதது இதுக்குத்தான் சார், எனக்கு இல்ல. இதை பேக்கிங்குக்கு மாத்திக்கோங்க. நான் ஓவனுக்குப் போறேன்."