உற்சாகக் குரல்

நாகர்கோவிலில் ஓடிப் பழகும்போது காற்றாய்ப் பறந்த பூதத்தான், சென்னைப் பந்தயத்தில் எல்லாரையும் முந்தி வந்து, எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஓடுபாதையை விட்டு இறங்கி நின்றுவிட்டான். சமஸ்தான அணியின் பயிற்சியாளர் தாணு பிள்ளைக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"திருவிதாங்கூருக்க மானமே போச்சுலே! கூட்டத்தைக் கண்டு வெறச்சிட்டியா? காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா இன்னையோட அணியில நீ இல்ல."

"ஏமான்தான கத்தினிய?"

"உற்சாகப்படுத்தினேம்லே! 'ஹோய், ஹோய்'னு தொண்டை கிழியக் கத்தினேன்!"

"ஊர்ல பெரிய சாதி ஏமான்மாரு நடந்து வரும்போ அப்படித்தான கத்துவிய? அதைக் கேட்டா எங்க ஆளுவ வழியை விட்டு எறங்கணும்லா? கால் தானா எறங்கிட்டு."

"அப்போ பழகும்போ மட்டும் எப்பிடிலே ஓடுன?"

"அப்போ ஏமானுக்க வாய் நெறைய வெத்தில கெடந்துது."