சுட்ட மண் வில்லை

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் ஆலையின் களிமண் குழியிலிருந்து சூளைக் கொட்டகை வரை ஒரு மைலுக்கு டிராலிப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட குட்டி ரயிலின் தண்டவாளங்கள் அவை. எதிரெதிரே இரண்டு டிராலி வந்தால் ஒதுங்க இடமில்லை. அதனால் ஒரே ஒரு சுட்ட மண் வில்லை வைத்திருந்தோம். அது கையில் இருப்பவர்தான் டிராலியை எடுக்கலாம். சுடும் முன் அதில் தன் கட்டைவிரலைப் பதித்தவர் செல்வநாதன்.

1966 சித்திரையில் ஒரு நண்பகல். செல்வநாதன் மண் டிராலியைத் தள்ளி வந்து, வழக்கம்போல வில்லையை என்னிடம் நீட்டினார். கொட்டகை வாசலில் அதை வாங்கி ஆணியில் மாட்டுவது என் வேலை. மாட்டப் போனேன். ஆணியில் ஏற்கெனவே ஒன்று தொங்கியது.

"இப்பதான் ஒருத்தரு குடுத்துட்டுப் போனாருண்ணே. பழைய பட்டாளத்துச் சட்டை. புது ஆளுன்னு நெனச்சு வாங்கி மாட்டிட்டேன். திரும்ப வில்லைய வாங்காமலே இங்க நின்ன டிராலிய எடுத்துட்டாரு" என்றேன்.

"எந்தப் பக்கம் போனாரு?"

"நீங்க வந்த பக்கந்தான்."

"வழியில எவனும் வரலியே, மேரி."

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஒரே விரல் ரேகை. விளிம்பில் ஒரே இடத்தில் உடைசல்.

குழியில் ஆட்கள் காத்திருந்தார்கள். "ரெண்டையும் நானே எடுத்துக்கிறேன். அப்பறம் எதிர்ல யாரு வந்துடுவாங்க? போயிட்டு வரேன்" என்று செல்வநாதன் காலி டிராலியைத் தள்ளினார். வளைவு தாண்டியதும் சக்கரச் சத்தம் நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் தண்டவாளம் மறுபடி அதிர்ந்தது. டிராலி வந்து நின்றது. பட்டாளத்துச் சட்டைக்காரர் இறங்கி என்னிடம் கையை நீட்டினார்.

உள்ளங்கையில் அதே இரண்டு வில்லைகள் இருந்தன.